பில் இல்லாத 43 அங்குலமா, பில்லோடு 32 அங்குலமா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறோம். பழைய டி.வி. பழுதாகிவிட்டது; கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. கூடத்தில் டி.வி. மாட்டும் சுவருக்கும் நாற்காலிக்கும் ஒன்பது அடி தூரம். கேபிள் இணைப்பில் செய்தியும் தொடரும்தான் பார்ப்போம். புதுச்சேரியில் ஒரு கடையில் 43 அங்குல ‘4கே சப்போர்ட்’ டி.வி.யைப் பில் இல்லாமல் 17,000 ரூபாய்க்குத் தருகிறார்களாம். வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கடலூர்

பதில்: வேண்டாம் அம்மா. 32 அங்குலத்தில் பெயர் தெரிந்த நிறுவனத்தின் எச்.டி. ரெடி டி.வி. ஒன்றைப் பில்லோடு கடலூரிலேயே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

‘4கே சப்போர்ட்’ என்றால், 4கே தரத்தில் வரும் படத்தை அந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளும் என்பது மட்டுமே பொருள். திரையில் அத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதல்ல. உண்மையான 4கே திரையில் குறுக்கே 3840 புள்ளிகளும் மேலிருந்து கீழே 2160 புள்ளிகளும் இருக்கும். ஃபுல் எச்.டி. என்றால் 1920, 1080, எச்.டி. ரெடி என்றால் பெரும்பாலும் 1366, 768. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ‘ரெசல்யூஷன்’ என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். அங்கே உள்ள எண்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் திரை. அந்த வரியே இல்லாத பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இந்த மாதிரி டி.வி.க்களில் பல, எங்கிருந்தோ வாங்கிய பேனலையும் (படம் தெரியும் திரைப்பகுதி) எதற்கும் பொருந்தும் ‘யுனிவர்சல் போர்டு’ என்ற மின்சுற்றுப் பலகையையும் ஒரு சட்டத்துக்குள் சேர்த்து, பிரபல நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஒட்டி விற்கப்படுபவை. மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-லேயே வந்துவிட்டது. அதன்படி டி.வி.யின் பின்புறத்தில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியும் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால் தயாரிப்பாளர் யார் என்று தெரிந்துவிடும். ஆணை இருக்கிறது, செயலியும் இருக்கிறது. கடைக்குள் நுழைந்து டி.வி.யைத் திருப்பிப் பார்க்கத்தான் ஆளில்லை. அந்த வேலையும் வாங்குபவர் தலையிலேயே விழுந்திருக்கிறது.

புதுச்சேரிக்குப் போனால் விலை குறையும் என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. இரு பக்கமும் வரி வேறாக இருந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரி எங்கும் ஒன்றுதான். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு 28 சதவீதமாக இருந்த வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது. ஆகவே அந்தக் கடைக்காரர் காட்டும் மலிவு, பில் போடாததால் வரும் மலிவு. பில் இல்லையென்றால் வாரண்டி கேட்க வழியில்லை. பேனல் போனால் அதை மாற்றும் செலவு ஏறக்குறைய புது டி.வி.யின் விலைக்கே வந்து நிற்கும்.

எச்.டி. ரெடி போதுமா என்று தயங்க வேண்டாம். 32 அங்குல எச்.டி. ரெடி திரையின் புள்ளிகள், சராசரிப் பார்வை உள்ளவருக்கு ஏறத்தாழ ஆறடிக்கு அப்பால் தனித்தனியாகத் தெரிவதில்லை. நீங்கள் ஒன்பதடியில் உட்காருகிறீர்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் பேரப்பிள்ளைகள் மடிக்கணினியை டி.வி.யில் இணைத்துப் பாடம் படிப்பார்கள் என்றால் ஃபுல் எச்.டி. வாங்குங்கள். மடிக்கணினி பெரும்பாலும் 1920-க்கு 1080 என்ற அளவில் படத்தை அனுப்பும். அதை 1366-க்குள் அமுக்கும்போது எழுத்துகள் நசுங்கி, மெய்யெழுத்தின் புள்ளியும் ‘ண’வின் சுழியும்தான் முதலில் மங்கும். கிட்டே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அது கண்வலி. 32 அங்குலத்தில் ஃபுல் எச்.டி. வருவதே இல்லை என்று கடையில் சாதிப்பார்கள். வருகிறது, தேடித்தான் வாங்க வேண்டும். மடிக்கணினி இணைக்கப்போவதில்லை, யூடியூபில் பாட்டும் சமையலும் மட்டும் பார்ப்போம் என்றால் இந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

மிச்சப் பணத்தைச் செட்டாப் பாக்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாக்ஸ் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட வயரில் இணைக்கப்பட்டிருந்தால், அதன் வழியே மேலிருந்து கீழே 576 புள்ளிவரிகளுக்கு மேல் படம் வராது. எவ்வளவு நல்ல டி.வி. வாங்கினாலும் முகங்கள் மங்கலாகத்தான் தெரியும். கேபிள்காரரிடம் எச்.டி. பாக்ஸ் கேளுங்கள், அதைப் படமும் ஒலியும் ஒன்றாகப் போகும் சாதாரண எச்.டி.எம்.ஐ. வயரில் இணைத்தால் போதும், தங்க முலாம் பூசிய வயரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எச்.டி. சேனல்களுக்குத் தனியாகக் கட்டணம் கேட்பார்கள். இதைக் கடைக்காரரும் சொல்வதில்லை, கேபிள்காரரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கடையில் அருவியும் கிளியும் பளபளக்கும் விளம்பரப் படத்தை நிறுத்தச் சொல்லி, ஒரு தமிழ்ச் செய்திச் சேனலை வைக்கச் சொல்லுங்கள். அடியில் ஓடும் எழுத்து வரி வால் நீண்டு இழுபட்டால் அந்த டி.வி. வேண்டாம். பக்கவாட்டில் நகர்ந்து நின்றும் பாருங்கள். நிறம் வெளிறக் கூடாது. அருகில் நின்று ஓயாமல் ஒரே நிறுவனத்தைப் பரிந்துரைக்கும் இளைஞர் பல நேரங்களில் கடையின் ஊழியர் அல்லர், அந்த நிறுவனம் நிறுத்திவைத்த ஆள்.

ஸ்டெபிலைசரையும் கூடவே தலையில் கட்டப் பார்ப்பார்கள். டி.வி.யின் பின்புறம் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் அது தேவையில்லை. இடி மின்னல் நாள்களில் மின்செருகியோடு கேபிள் வயரையும் கழற்றி வையுங்கள். பலரும் செருகியை மட்டும் பிடுங்கிவிட்டு, மின்னல் கேபிள் வழியாக வருவதை மறந்துவிடுகிறார்கள்.

டி.வி. வீட்டுக்கு வந்ததும் பெட்டியை உங்கள் முன் பிரித்து ஓடவிட்டு, திரையில் கீறலோ கோடோ இல்லையென்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். பிறகு தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, ஆனால் தீர்ப்பு வரும்வரை பொறுமை வேண்டும்; பில்லை நகல் எடுத்து வையுங்கள், கடைகள் கொடுக்கும் தாளில் எழுத்து சில மாதங்களிலேயே அழிந்துவிடுகிறது.