வாசகர் கேள்வி: இயற்பியல் படித்தவருக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை?

கேள்வி: மரியாதைக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, பினாங்கின் முன்னாள் முதலமைச்சர் டான் ஸ்ரீ கோ சூ கூன் ஒரு விஞ்ஞானி என்று நண்பர் ஒருவர் கூறினார். படிவம் 5-இல் அறிவியல் பிரிவில் பயிலும் என் மகளோ, "இயற்பியல் படித்தவருக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை?" என்று கேட்கிறாள். விளக்க வேண்டுகிறேன்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: விஞ்ஞானி என்ற சொல்லைச் சற்றுத் தளர்த்தித்தான் அவருக்குப் பொருத்த வேண்டும். 1949-இல் பிறந்து, சுங் லிங் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற அவர், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1970-இல் இயற்பியல் பட்டம் பெற்றார். ஆயினும், சிகாகோவில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட துறை கல்வியாகும். பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் பணியாற்றினார்.

அரசியலில் அவர் முதலில் நுழைந்தது நாடாளுமன்றத்துக்குள். 1982-இல் கெராக்கான் கட்சி சார்பில் தஞ்சோங் தொகுதியை வென்ற அவர், 1986-இல் அங்கேயே ஜனநாயக செயல் கட்சித் தலைவர் லிம் கிட் சியாங்கிடம் தோற்றார். 1990-இல் அதே லிம் கிட் சியாங், 1969 முதல் முதலமைச்சராக இருந்த டாக்டர் லிம் சோங் இயூவைப் படாங் கோத்தா சட்டமன்றத் தொகுதியில் வீழ்த்தியபோது, தஞ்சோங் பூங்கா தொகுதியில் வென்றிருந்த 41 வயது கோ சூ கூனிடம் முதலமைச்சர் பொறுப்பு வந்து சேர்ந்தது.

அன்றைய கணக்கைத் தங்கள் மகளிடம் காட்டுங்கள். மொத்தம் 33 இடங்கள். எதிர்க்கட்சியான ஜனநாயக செயல் கட்சிக்கு 14. ஆளும் தேசிய முன்னணிக் கூட்டணியில், மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவுக்கு 12, கெராக்கானுக்கு 7. ஏழு பேரைக் கொண்ட கட்சியின் முதலமைச்சர், பன்னிரண்டு பேரைக் கொண்ட தோழமைக் கட்சியின் தயவில் ஆட்சி நடத்த வேண்டியிருந்தது. அவர் அம்னோவுக்கு வளைந்து கொடுக்கிறார் என்ற குற்றச்சாட்டு 18 ஆண்டுகளும் அவரைத் தொடர்ந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் யார் அமர்ந்திருந்தாலும் முதுகு நிமிர்வது எளிதாக இருந்திருக்காது என்பதே என் எண்ணம்.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. அவர் ஆழ்ந்து பயின்ற கல்வித்துறை, நம் கூட்டரசு அரசியலமைப்பின்படி மத்திய அரசின் கையில் உள்ளது. தம் ஆய்வுத்துறையில் சட்டம் இயற்றும் அதிகாரமே இல்லாத அவையில்தான் அவர் ஆயுளின் சிறந்த பகுதியைக் கழித்தார். மாநிலத்தின் கையில் இருப்பவை நிலம், நீர், ஊராட்சி போன்றவை. குன்றுச் சரிவில் அடுக்குமாடி எழுப்ப இசைவளிக்கலாமா, குடிநீருக்குப் பெரும்பாலும் மூடா ஆற்றையே நம்பியிருக்கும் மாநிலம் அந்த ஆறு வற்றினால் என்ன செய்யும் என்பன போன்ற கேள்விகளுக்கு மண்ணையும் நீரையும் அளந்து பழகியவர் அவையில் இருந்தால் நல்லதுதானே? தங்கள் மகளின் கேள்விக்கு என் விடை இதுதான்.

2008-இல் மாநிலத் தொகுதியை விட்டுவிட்டுப் பத்து கவான் நாடாளுமன்றத் தொகுதியில் நின்று அவர் தோற்றார். கெராக்கானுக்குச் சட்டமன்றத்தில் ஓர் இடமும் மிஞ்சவில்லை. மறு ஆண்டு செனட்டராகிப் பிரதமர் துறையில் அமைச்சரானபோது அவருக்குத் தரப்பட்ட பணிகளுள் ஒன்று, அரசின் செயல்திறனை அளவிடுவது! இயற்பியல் பட்டதாரிக்கு ஏற்ற வேலைதான்.

கேள்வி: பத்து கவானில் அவரைத் தோற்கடித்த பேராசிரியர் இராமசாமியும் விஞ்ஞானியா?
– வாசகி, பிறை

பதில்: இல்லை, அம்மா. அவர் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்தவர். அறிவியல் என்பது துறையின் பெயரில் மட்டுமே உண்டு. அதே தேர்தலில் தங்கள் பிறை சட்டமன்றத் தொகுதியையும் வென்று, 2023 வரை பினாங்கின் இரண்டாம் துணை முதலமைச்சராக இருந்தார்.