எபிரேய அத்தியாயம் மட்டும் சோதனையில் விழுந்தால்

கேள்வி: கொக்குவிலில் ஒரு சிறிய அச்சகத்துக்கு லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். இறையியல் மாணவர்களுக்கான நூல். தமிழுக்கு நடுவே எபிரேய மேற்கோள்கள் வரும். எல்லா அத்தியாயங்களையும் தானாக ஓட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று வைத்திருக்கிறேன். இம்முறை டெக் லைவை (லாடெக்கும் அதன் துணை நிரல்களும் சேர்ந்த தொகுப்பு) புதுப்பித்த பிறகு எபிரேயம் உள்ள 4 அத்தியாயங்கள் மட்டும் விழுகின்றன. அவற்றைச் சோதனையிலிருந்து எடுத்துவிடலாமா? எபிரேய எழுத்துரு விற்கும் ஒருவர், தன்னுடையதைப் போட்டால் எல்லாம் சரிவரும் என்கிறார்.

பதில்: எடுக்காதீர்கள். அவருக்குக் காசும் கொடுக்காதீர்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

லாடெக் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து முதலாவது பிழையை மட்டும் வாசியுங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் வால்கள். நீங்கள் ஸீலாடெக்கும் (யூனிகோடை நேரே வாசிக்கும் லாடெக்), பொலிகுளோசியாவும் (பல மொழிகளைக் கையாளும் பொதி, அதாவது துணை நிரல்) பாவிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். (இன்னும் பழைய பிடிஎஃப்லாடெக்கில் எபிரேயம் வைத்திருந்தால், முதலில் அதைவிட்டு வெளியே வாருங்கள்.) அப்படியானால் பிழை அநேகமாக இரண்டில் ஒன்று.

முதன்மை எழுத்துருவில் எபிரேயம் இல்லை என்று முறையிட்டால், எபிரேயத்துக்கு நீங்கள் தனி எழுத்துரு அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தும் எழுத்துருவைக் காணவில்லை என்றால், அது உங்கள் கணினியில் இருக்கிறது, சோதனை ஓடும் கணினியில் இல்லை. குல்மஸ் திட்டத்தின் டேவிட், ஃபிராங்க் ரூல் போன்ற எழுத்துருக்கள் இலவசம். கோப்பை நூலின் கோப்புறைக்குள்ளேயே போட்டு, கோப்புப் பெயரால் அழையுங்கள்.

"ஊப்ஸ்" என்று தொடங்கி, இன்ன பொதியைப் பைடிக்கு (வலமிருந்து இடம் எழுத உதவும் பொதி) பின்னால் ஏற்றிவிட்டாய் என்று சொன்னால், அந்தப் பொதியின் வரியைப் பொலிகுளோசியாவுக்கு மேலே தூக்கிவையுங்கள். நான் பைடியை ஏற்றவே இல்லையே என்பீர்கள். எபிரேயம் என்று அறிவித்தவுடன் பொலிகுளோசியாவே அதை இழுத்து வந்துவிடும். இந்த ஒழுங்கைப் பயனர் மனப்பாடம் செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. மொழிகளுக்குப் பேபல் என்ற பொதியா பொலிகுளோசியாவா என்று பொதி எழுதுபவர்கள் வாதாடி முடிப்பதற்குள் உங்கள் நூல் வெளிவரவேண்டும்.

இரண்டும் இல்லையா? பத்து வரியில் ஒரு சிறு ஆவணம் செய்து ஓட்டுங்கள். அதுவும் விழுந்தால் பிழை பெரும்பாலும் பொதியில்தான். அந்தப் பத்து வரியைப் பராமரிப்பவருக்கு அனுப்பிவிட்டு, சோதனையை "தெரிந்தே விழுவது" என்று குறியுங்கள். குறிக்கும்போது பிழைச் செய்தியையும் எழுதிவையுங்கள். வெறுமனே "விழும்" என்று குறித்தால், நாளைக்கு வேறொரு காரணத்துக்கு விழுந்தாலும் உங்களுக்குத் தெரியவராது.

தேறிய சோதனையையும் அப்படியே நம்பவேண்டாம். எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லாவிட்டால் லாடெக் நிற்காது. ஓர் எச்சரிக்கையோடு வெற்றிடமோ பெட்டியோ வைத்துவிட்டுப் போகும். ஆவணத்தின் தொடக்கத்தில் டிரேசிங்லொஸ்ட்கார்ஸ் (\tracinglostchars) என்ற கட்டளைக்கு 3 என்று மதிப்புக் கொடுங்கள். அப்போது அதுவே பிழையாகி விழும்.

இனி அந்த வியாபாரி. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு தெரிந்த ஊருக்கு இதை விளக்குவது சுலபம். பாமினியில் எம் விசையை அடித்தால் திரையில் 'அ' தெரியும். கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எம். எபிரேயத்திலும் அந்த வகை எழுத்துருக்கள் உண்டு, கூடுதல் கோளாறோடு: வலமிருந்து இடம் போகத் தெரியாத மென்பொருளுக்காகச் சொற்களைத் தலைகீழாக அடித்துவைப்பார்கள். ஒற்றை வரியில் அழகாக நிற்கும். மேற்கோள் இரண்டு வரிக்கு நீண்டால் வாக்கியத்தின் தொடக்கம் கீழ்வரிக்கு இறங்கிவிடும். சோதனையோ பச்சை காட்டும். அதற்கு எபிரேயம் வாசிக்கத் தெரியாதே. தலைகீழாக அடித்ததையே யூனிகோடுக்கு மாற்றித் தந்தால், ஒழுங்கான மென்பொருள் அதை இன்னொருமுறை புரட்டிப்போடும். "பழைய கணினியில் சரியாக இருந்தது" என்று ஆட்கள் சொல்வது இதைத்தான்.

எபிரேயம் தெரியாமலே இதைப் பிடிக்கலாம். 'ஷாலோம்' என்ற சொல்லில் ஷின், லாமெத், வாவ், மேம் என்று 4 எழுத்துகள். சொல்லின் கடைசியில் வரும் மேம் மூடிய பெட்டிபோல இருக்கும். அது இடது ஓரத்தில் நிற்கவேண்டும். ஒரு விலக்கு, இறையியல் நூல் என்பதால் சொல்கிறேன்: ஏசாயா 9:7இல் ஒரு சொல்லின் நடுவே அந்தப் பெட்டி மேம் வரும். லாமெத்துக்கு அடுத்த எழுத்தாக, மரபான மூலப்பாடத்திலேயே அப்படித்தான். எபிரேயப் பதிப்புகளில் அந்த வசனத்தின் எண் 9:6. எண் பொருந்தவில்லை என்று தேடித் தடுமாறவேண்டாம். மெய்ப்புப் பார்ப்பவர் எழுத்துப்பிழை என்று திருத்த வருவார், விடாதீர்கள்.

வியாபாரியிடம் 'ஷாலோம்' என்ற ஒரு சொல்லை அடித்துத் தரச் சொல்லுங்கள். பிடிஎஃப்பிலிருந்து வேண்டாம், மூலக் கோப்பிலிருந்தே பிரதியெடுத்து உங்கள் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தியாக ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகள் வந்தாலோ, பெட்டி வலது ஓரத்தில் நின்றாலோ, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.