கொத்தனார் கணக்கா, காளவாய்க் கணக்கா?

கேள்வி: பாபநாசம் பக்கத்தில் 600 சதுர அடியில் பில்லர் போட்டு வீடு கட்டுகிறோம். கொத்தனார் 10,000 செங்கல் போதும் என்கிறார். காளவாய்க்காரர் (செங்கல் சூளைக்காரர்) 15,000 ஆகும் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கொத்தனார் பேஸ்மட்டத்துக்கு, அதாவது வீட்டுத் தரையைத் தூக்க எழுப்பும் அடிச்சுவருக்கு, மேலேதான் எண்ணுகிறார். காளவாய்க்காரர் மண்ணிலிருந்தே எண்ணுகிறார், அதுவும் தன் கல்லை வைத்து.

600 சதுர அடி என்பதை மறந்துவிடுங்கள். செங்கல் தரைக்குப் போவதில்லை, சுவருக்குப் போகிறது. அறை கூடினால் அதே 600 அடிக்குள் சுவரும் கூடும்.

உங்கள் பிளான்படி 9 அங்குலச் சுவர் 115 அடி நீளம், 10 அடி உயரம்: 1,150 சதுர அடி. கதவு, ஜன்னல், அவற்றுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டையான லிண்டல், பில்லருக்கு 250 கழித்தால் 900. குறுக்குச் சுவரும் மாடிக் கைப்பிடிச் சுவரும் நாலரை அங்குலத்தில் 500 சதுர அடி.

சேம்பர் சூளையில் சுட்ட சேம்பர் கல் 9 அங்குல நீளம், 3 அங்குல உயரம். அரை அங்குலக் கலவையோடு ஒரு கல்லின் முகம் 9½ × 3½, அதாவது 33¼ சதுர அங்குலம். ஒரு சதுர அடியான 144-ஐ அதால் வகுத்தால் 4.33. நாலரை அங்குல அரைக்கல் சுவருக்கு அவ்வளவுதான். 9 அங்குலச் சுவருக்கு இரட்டிப்பு, 8.66. எல்லாம் சேர்த்து 9,960 வருகிறது. இதுதான் கொத்தனாரின் 10,000.

இனி பேஸ்மட்டம். அடைமழையில் தெருவில் தண்ணீர் நிற்கிற ஊர் நம்முடையது. ரோடு வேறு ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போகிறது. 3 அடிக்குக் குறைக்காதீர்கள். அதற்கு மட்டும் 3,000 கல். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 13,600.

காளவாய்க்காரர் தருவது நாட்டுக்கல்லாக இருக்கும். அது கொஞ்சம் சின்னது. 8¾ நீளம், 2¾ உயரம் என்றால், 9 அங்குலச் சுவரில் சதுர அடிக்கு 9.58. இதே கணக்கு உடைசலோடு 15,000-ஐத் தொடும். ஆகவே கல்லின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். விலை குறைந்த சின்னக் கல் சில சமயம் கையைக் கடிக்கும். பத்துக் கல்லை வரிசையாக வைத்து அளந்து, பத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரே சூளையில்கூட அளவு மாறும்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் இறக்க வேண்டாம். பேஸ்மட்டத்துக்கும் லிண்டல் மட்டம் வரைக்கும் 10,000 வாங்குங்கள். லிண்டல் போட்டதும் மீதியை எண்ணினால், உங்கள் கொத்தனார் கைக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் அதே காளவாயில், லோடு கணக்கில் இல்லாமல் எண்ணிக்கைக் கணக்கில் மிச்சத்தைச் சொல்லுங்கள். வேலை ஐப்பசியைத் தாண்டும் என்றால் மட்டும் ஆவணியிலேயே முழுசாக இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். மழையில் பச்சைக்கல் (இன்னும் சுடாத கல்) காயாது, புதுக் கல் அறுக்கவும் மாட்டார்கள்.