அந்த ராத்திரி ஒரு மணி நேரத்தைத் திட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 41. ஈரோட்டில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மகன் ஒன்பதாவது படிக்கிறான். தொலைதூரக் கல்வியில் எம்.காம். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. புத்தகக் கட்டைக்கூடப் பிரிக்கவில்லை. ராத்திரி பத்தரைக்கு மேல் ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்க்க மட்டும் நேரம் இருக்கிறது. "உனக்குச் சோம்பல்" என்கிறார் கணவர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. எப்படித் திருந்துவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, 'திருந்துவது' என்ற சொல் என்னை வருத்தியது. ஆபீஸில் பத்து ரூபாய் இடித்தால்கூட வவுச்சரைப் புரட்டாமல் யார் தப்பு என்று சொல்ல மாட்டீர்கள். உங்கள் நாளுக்கு மட்டும் கணக்கே பார்க்காமல் தீர்ப்பு எழுதிவிட்டீர்களே!

உங்கள் நாள் எதில் எதில் போகிறது என்று ஒரு வாரம் அரைமணி அரைமணியாக எழுதிப் பாருங்கள். மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகமும் இப்படித்தான் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுக்கிறது. காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை, என்ன செய்தீர்கள் என்று அரைமணி அரைமணியாகக் கேட்டுக் குறிப்பார்கள். 1998-99இல் இதைச் சோதனையாக நடத்திய 6 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2024 கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் அதில் போகிறது. செய்கிற ஆண்களுக்கு 88 நிமிடம். உங்கள் 289 எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது.

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். பேனாவோடு சமையல் மேடையிலேயே இருக்கட்டும். படுக்கும்போது மொத்தமாக எழுதலாம் என்று விடாதீர்கள், பாதி மறந்துபோகும். குக்கர் வைத்துக்கொண்டே மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் இரண்டையும் எழுதுங்கள். 'சமையல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் வேண்டாம்.

ஏன் சொல்கிறேன் என்றால், என் மகள் பிளஸ் டூ படித்த வருடம் நானும் இப்படி எழுதினேன். காலை ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் மூன்று முறை தனித்தனியாகப் பால் காய்ச்சியிருந்தேன். மாமியாருக்கு ஒருமுறை, கணவருக்கு ஒருமுறை, மகளுக்கு ஒருமுறை. வருடக்கணக்கில் அப்படித்தான் செய்திருக்கிறேன், தாளில் பார்க்கும்வரை கண்ணில் படவில்லை. பாலைக் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றிவைத்தேன். இருபது நிமிடம் மிச்சமானது. அந்த இருபது நிமிடம் மொட்டை மாடியில் நடந்தேன்.

ரீல்ஸையும் எழுதுங்கள், ஆனால் அதில் முதலில் கை வைக்காதீர்கள். யாரும் உங்களைக் கூப்பிடாத ஒரே நேரம் அதுதான். அந்த அசதியில் புத்தகத்தை விரித்தாலும் மண்டையில் ஏறாது. படிப்புக்கான நேரத்தைப் பகலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஏழு தாள் சேர்ந்ததும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தபின் கணவரையும் மகனையும் உட்காரவைத்துக் காட்டுங்கள். சண்டை வேண்டாம். இதில் எந்த மூன்று வேலை கை மாறலாம் என்று மட்டும் கேளுங்கள். யூனிபார்ம் தேய்ப்பதும் தண்ணீர் பாட்டில் நிரப்புவதும் பதினான்கு வயதுப் பையனுக்குப் பெரிய வேலையில்லை. ராத்திரியே காய் நறுக்கிவைக்க உங்கள் கணவராலும் முடியும்.

எவ்வளவு நேரம் மிஞ்சியது, எத்தனை பேப்பர் எழுத வேண்டியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். எதில் தொடங்கலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.