பின்னால் நின்று ஊட்டுவதா?

கேள்வி: எங்கள் இறால் பதனிடும் நிலையத்தில் ஓடு உரிக்கும் பிரிவும் பொதியும் பிரிவும் எந்நேரமும் ஒன்றையொன்று குறை சொல்கின்றன. மாதம் ஒருமுறை நான் கூட்டும் பின்னூட்டக் கூட்டத்தில் மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்யலாம்?
(மேற்பார்வையாளர் ஒருவர், மண்டபம்)

பதில்: பின்னூட்டம்! இந்தச் சொல்லோடு எனக்குப் பல ஆண்டுச் சண்டை. ஃபீட்பேக் (feedback) என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, துண்டுக்குத் துண்டு தமிழாக்கி ஒட்டியிருக்கிறார்கள். ஊட்டுவது என்றால் என்னவென்று எண்ணிப் பார்த்தார்களா? பின்னால் நின்று பிள்ளைக்குச் சோறூட்டிய தாய் உண்டா? எதிரே உட்காருவாள், முகத்தைப் பார்ப்பாள், சூட்டை விரலால் சோதித்து, வாய் கொள்ளும் அளவுக்குக் கவளம் உருட்டுவாள். பசிக்கும் நேரத்தில் ஊட்டுவாள். முப்பது நாள் சோற்றைச் சேர்த்துவைத்து மாதக் கடைசியில் திணிக்க மாட்டாள். அந்தத் திணிப்பைத்தான் உங்கள் கூட்டம் செய்கிறது.

ஒருநாள் தனுஷ்கோடிப் பக்கம் போய்க் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். கயிற்றின் ஒரு முனை கரையில் ஓர் அணியிடம் இருக்கும். படகு வலையை அரைவட்டமாக இறக்கிக்கொண்டே போய், மறுமுனையைத் தள்ளி நிற்கும் இன்னோர் அணியிடம் சேர்க்கும். இழுக்க இழுக்க இரண்டு அணிகளும் நெருங்கி வரும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும்; மீன் தப்பும். அதனால் பொறு என்றும் இழு என்றும் அங்கேயே, அப்போதே குரல் எழும். அதட்டல்தான். ஆனால் வலையின் பை போன்ற மடியில் விழும் மீன் இரு பக்கத்துக்கும் பொது.

உங்கள் நிலையத்தில் ஓடு ஒட்டிய இறாலை முதலில் காண்பவர் பொதிபவர். அதை அந்த மணி நேரத்திலேயே உரித்தவரின் மேசைக்கு எடுத்துச் சென்று காட்டட்டும். வாரம் இருவரை இடம் மாற்றி உட்கார வையுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் விரல் விறைக்க ஒருநாள் உரித்தவர், மறுநாள் வேறு குரலில் பேசுவார்.

பாம்பனில் சின்னப்பாலம் என்ற ஊரில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது. மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது, உலோகக் கருவியால் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது கிடைத்தது. கரையில் நின்றுகொண்டு நடத்தும் பாடம் அல்ல அது. சுரண்டாதே என்று சொன்னவளும் அதே கடலில் மூச்சடக்கி முங்குகிறவள். அதனால் அந்தச் சொல் ஏறியது.

நீங்கள் கடைசியாக இறால் உரித்தது எப்போது? நாளைக் காலை கையுறை மாட்டிக்கொண்டு அந்த மேசையில் உட்காருங்கள். நீங்கள் உரித்ததில் எங்கே ஓடு ஒட்டியிருக்கிறது என்று முதலில் அவர்கள் சொல்லட்டும்.