அந்த உயரத்தை யார் போய் அளப்பது?

கேள்வி: அயனி மண்டலத்தில் (சூரியக் கதிரால் மின்னேற்றம் பெற்ற மேல் வளிமண்டலப் பகுதி) எலக்ட்ரான்கள் மிக அடர்த்தியாக இருக்கும் உயரத்தைக் கணினி மாதிரிகள் சொல்கின்றனவே, சரிதானா என்று எப்படிச் சோதிப்பது? (ஹாம் ரேடியோ வாசகர் ஒருவர்)

பதில்: மேலே போகவே வேண்டாம். அயனோசோண்டு என்ற கருவி தரையிலிருந்து ஒவ்வொரு அதிர்வெண்ணாக ரேடியோ அலையை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் குறிக்கும். வில்லங்கம் என்னவென்றால், எலக்ட்ரான் கூட்டத்துக்குள் நுழைந்ததும் அலை மெதுவாகிவிடும், அதனால் அந்த நேரத்தை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால் உயரம் கூடுதலாக வரும், திருத்த வேண்டும். 1955-இல் ஷிமாசாகி என்ற ஆய்வாளர் ஒரு குறுக்குவழி தந்தார்: 3000 கி.மீ. தொலைவுக்கான எம் காரணியால் (அந்தத் தொலைவுக்கு எட்டும் உச்ச அதிர்வெண், நேர் மேலே அனுப்பித் திரும்பும் உச்ச அதிர்வெண்ணைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) 1490-ஐ வகுத்து, 176-ஐக் கழியுங்கள், உயரம் கி.மீ.யில் வரும். எம் 3 என்றால் சுமார் 321 கி.மீ.; 2.5 என்றால் 420! எம் கொஞ்சம் பிசகினால் நூறு கி.மீ. போச்சு.

ஐஆர்ஐ (International Reference Ionosphere) என்ற சர்வதேச அயனி மண்டல மாதிரியும் நெடுங்காலம் இந்த எம் காரணி வழியில்தான் போனது. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக ஓடும் காந்த நடுக்கோட்டுப் பகுதியில்தான் அதன் குட்டு வெளிப்படும். பெருவின் ஹிகாமார்கா ரேடியோ ஆய்வுக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கு நோக்கிய மின்புலம் வலுத்து எலக்ட்ரான் அடுக்கையே மேலே தூக்கிவிடும், பழைய வழியோ அந்தத் துள்ளலை மழுப்பிவிடும். ஐஆர்ஐ-2016-இல் இரண்டு புது வழிகள் வந்தன, அதில் ஒன்று செயற்கைக்கோள் தரவையும் சேர்த்துக்கொண்டது. அப்புறம், ஐஆர்ஐ சொல்வது மாத சராசரி. ஒரே ஒரு நாள் அளவோடு ஒப்பிட்டுத் திட்டாதீர்கள்.