அம்மாச்சியின் பாவசங்கீர்த்தனம்

ஐயா, வணக்கம்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். என் தாய்மாமா பதினைந்து வருடங்களுக்கு முன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார். அம்மாச்சிக்கு 86 வயது. மாமா வீட்டில்தான் படுத்த படுக்கையாக இருக்கிறார். மூன்று முறை என்னிடம், “சாமியாரைக் கூப்பிடு, பாவசங்கீர்த்தனம் பண்ணணும்” என்று, அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு பெற வேண்டும் என்று, கேட்டுவிட்டார். மாமா விடமாட்டேன் என்கிறார். “தேவன் ஒருவரைத் தவிர பாவத்தை மன்னிக்க யாருக்கு அதிகாரம்? மாற்கு 2 படி. லூத்தரே இதையெல்லாம் ஒழிச்சாச்சு” என்கிறார். அப்பாவோ யோவான் 20:23-ஐக் காட்டி, சீடர்களுக்கு இயேசு கொடுத்த அதிகாரம்தான் குருக்களுக்கு வந்திருக்கிறது என்கிறார். இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் வசனமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வேதப்படியும் வரலாற்றுப்படியும் யார் சொல்வது சரி? இரண்டு பக்கத்தையும் நடுநிலையாக விளக்குவீர்களா?

எம்.

அன்புள்ள எம்.,

வசனச் சண்டையை முதலில் முடித்துவிடுகிறேன். மாமா காட்டும் வரியைச் சொன்னது இயேசு அல்ல. அவரிடம் குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்திருந்த வேதபாரகர்கள் மனதுக்குள் நினைத்துக்கொண்டது அது. அப்பாவின் வசனம் பூட்டிய அறைக்குள் இருந்த சீடர்களிடம் சொல்லப்பட்டது. அந்த அறையிலிருந்து இன்றைய பங்குச் சாமியார் வரை கோடு இழுக்கத் திருச்சபையின் மரபு வேண்டும், வசனம் மட்டும் போதாது. புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் ஒழிக்கவும் இல்லை. அவருடைய சிறிய ஞானோபதேசத்தில், பாவத்தைக் கேட்கும் குரு எதிரில் இருப்பவரிடம் ‘என் மன்னிப்பு தேவனுடைய மன்னிப்பு என்று நம்புகிறாயா?’ என்று கேட்கிறார். மாமாவுக்கு இதை அனுப்பாதீர்கள். பதிலுக்கு இன்னும் பத்து வசனம் வரும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. போன மாதம் முழுக்க வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியானின் கடிதங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுச் சண்டை அங்கே ஒருமுறை ஊர் முழுக்க நடந்திருக்கிறது.

கி.பி. 250. எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ரோமப் பேரரசர் தேசியுஸ் ஆணையிட்டார். பலியிட்டதற்குச் சான்றிதழ் உண்டு. ‘நான் எப்போதும் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டுப் படையலை ருசி பார்த்தேன்’ என்று எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பாப்பிரஸ் தாள்கள் எகிப்து மணலிலிருந்து நிறையக் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள், செத்தார்கள். ஏராளமானவர்கள் பலியிட்டார்கள். இன்னும் பலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள். காரியம் நடக்க வேண்டுமே!

இப்படி விழுந்தவர்களெல்லாம் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள். யார் மன்னிப்பது? ஆயர் சிப்ரியான் ஊரிலேயே இல்லை. ஓராண்டுக்கு மேல் தலைமறைவாக இருந்தார். அதனால் அவர்கள் சிறைக்குப் போனார்கள். அடிபட்டவர்கள், பட்டினி கிடப்பவர்கள் உள்ளே இருக்கிறார்கள். மன்னிக்க அவர்களைவிடத் தகுதி யாருக்கு?

ரோமாபுரியிலிருந்து செலரினுஸ் என்ற இளைஞர் கார்த்தேஜ் சிறையில் இருந்த லூசியானுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அவருடைய சகோதரிகள் நுமேரியாவும் காந்திதாவும் விழுந்துவிட்டார்கள். ஊரெல்லாம் ஈஸ்டர் மகிழ்ச்சியில் இருக்கிறது, நான் சாக்கு உடுத்திச் சாம்பலில் அழுதுகொண்டிருக்கிறேன் என்கிறார். கார்த்தேஜிலிருந்து ஓடி வந்தவர்களை அந்தப் பெண்கள் துறைமுகத்துக்கே போய் அழைத்து வந்தார்களாம். 65 பேரைப் பராமரிக்கிறார்களாம். அவர்களை மன்னியுங்கள் என்று கெஞ்சுகிறார். லூசியான் மறுக்கவில்லை. அவர் கூடவே சிறையிலிருந்து இறந்த பவுல் என்பவர், கேட்கிறவர்களுக்கு என் பெயரில் சமாதானம் கொடு, அதாவது மன்னித்துச் சபையில் சேர்த்துக்கொள், என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இந்தக் கடிதங்களை முதலில் படித்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. முழுக்க லூசியான் கட்சி. அடிபட்டவன் மன்னிக்கிறான், ஒளிந்திருந்தவன் விதி பேசுகிறான் என்று சிப்ரியான் மேல் அப்படி ஒரு கோபம். நோட்டில் அவரை ‘குமாஸ்தா’ என்றுகூட எழுதி வைத்திருந்தேன்.

இப்போது கட்சி மாறிவிட்டேன். சிப்ரியான் தன் கடிதத்தில் ஒன்றைப் புகாராகச் சொல்கிறார். சிறையிலிருந்து வரும் சில மன்னிப்புச் சீட்டுகளில் ‘இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும் நற்கருணை பெறலாம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறதாம். இதை வைத்துக்கொண்டு இருபது பேர், முப்பது பேர் வந்து நின்று, நாங்களெல்லாம் அவருக்கு உறவு, அவர் வீட்டு வேலையாட்கள் என்றால் என்ன செய்வது என்று கேட்கிறார். ரேஷன் கார்டில் பக்கத்து வீட்டுப் பையன் பெயரையும் சேர்த்த கதைதான். பெயரைத் தனித்தனியாக எழுதுங்கள், அவரவர் என்ன செய்தார் என்று பார்த்து எழுதுங்கள் என்கிறார். கடைசியில் சிறையிலிருந்தவர்கள் மொத்தமாக எல்லோருக்கும் சமாதானம் கொடுத்துவிட்டோம், மற்ற ஆயர்களுக்கும் நீங்களே தெரிவித்துவிடுங்கள் என்று அவருக்கே ஒரு கடிதம் போட்டார்கள்.

251-இல் சிப்ரியான் திரும்பி வந்து ஆயர்களின் மன்றம் கூட்டினார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொண்டார்கள். பலியிட்டவர்கள் காத்திருக்க வேண்டும், சாகும் தறுவாயில் மன்னிப்பு உண்டு. சாகும் தறுவாயில்கூடச் சபை மன்னிக்கக் கூடாது, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று ரோமில் நொவாத்தியான் என்பவர் தனிக்கட்சி கட்டினார். அவரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

சிப்ரியான் அதிகாரத்துக்கு ஆசைப்பட்டவர் என்றால் இருக்கட்டும். ஆனால் அவர் சொன்ன வழியில் ஒரு மனிதர் உட்கார்ந்து இன்னொருவர் சொல்வதை முழுக்கக் கேட்டாக வேண்டும். நல்ல மனசுக்காரரான லூசியானின் சீட்டில் அந்த வேலையே இல்லை. கேட்காதவனுக்கு மன்னிக்க என்ன அதிகாரம் இருக்கிறது? மாமா சொல்கிற ‘நேரே தேவனிடம் சொல்’ என்பதிலும் எனக்கு இதே சங்கடம்தான். நானும் நேரே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதியைச் சொல்வதற்குள் எனக்கு நானே மன்னிப்பு கொடுத்து முடித்திருப்பேன்.

என் அப்பா வழி கத்தோலிக்கர்கள், அம்மா வழி புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ. அம்மாவைப் பெற்ற தாத்தா திருநெல்வேலிப் பக்கம் உபதேசியார். பத்து வயதில், சபையின் பொது விருந்தான அசனப் பண்டிகைக்கு வசூலித்து அவர் பெட்டியில் வைத்திருந்த பணத்திலிருந்து பத்து ரூபாய் எடுத்துவிட்டேன். பெரிய வெள்ளிக்கு முன் பையன்களெல்லாம் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றோம். எங்களுக்கு வழக்கமான பாவம் மூன்று: பொய் சொன்னேன், சண்டை போட்டேன், கீழ்ப்படியவில்லை. நான் அந்த மூன்றோடு பத்து ரூபாயையும் வேகமாகச் சொல்லிவிட்டேன். மரக்கூண்டுக்குள் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சாமியார், “தாத்தாகிட்ட சொல்லிட்டியா?” என்றார்.

சொன்னேன். தாத்தா திட்டியது பணத்துக்காக அல்ல. “எங்கிட்ட எடுத்ததை அவருகிட்ட எதுக்குல போயி சொன்ன? ஆண்டவர் ஒருத்தர்தான் மன்னிக்க முடியும், அவரு யாரு?” என்று ஒரு மணி நேரம் பிரசங்கம். அதோடு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஆண்டவர் எப்போதோ மன்னித்திருப்பார், தாத்தாவுக்குத்தான் நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் முறத்தில் கடலையைக் கொட்டி, “உரிச்சிக் குடுலே” என்றார். நகக்கண் வலிக்க வலிக்க உரித்தேன்.

சரி, உங்களுக்கு வருகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம், அம்மா. அம்மாச்சி மூன்று முறை கேட்டிருக்கிறார், உங்களிடம்! மாமாவிடமோ அப்பாவிடமோ அல்ல. நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? வேதப்படி யார் சரி என்று முகம் தெரியாத ஓர் எழுத்தாளனுக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறீர்கள். நடுநிலையாக வேறு விளக்க வேண்டுமாம். 86 வயதில் ஒருவருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. அறுபது வருடமாகச் சுமந்ததாக இருக்கலாம், நேற்று மருமகளைத் திட்டியதாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல அவர் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அந்த ஆளுக்கு அதிகாரம் உண்டா என்று மற்றவர்கள் பட்டிமன்றம் நடத்துகிறீர்கள். தமிழில் அச்சேறிய முதல் புத்தகங்களில் ஒன்றே பாவசங்கீர்த்தனம் பண்ணுவது எப்படி என்று சொல்கிற புத்தகம்தான், 1580-இல் கொச்சியில் அடித்தது. அம்மாச்சியின் ஆசை அவ்வளவு பழையது.

இன்றைக்கே பங்குச் சாமியாருக்குப் போன் போடுங்கள். ‘அவஸ்தை’, அதாவது கடைசி நேரச் சடங்கு, என்று சொல்லிவிடாதீர்கள், மாமா பயந்துவிடுவார். பார்க்க வருகிறார் என்று மட்டும் சொல்லுங்கள். கட்டில் பக்கத்தில் சின்ன மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி. அவர் வந்ததும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள். அந்த வயதில் அம்மாச்சிக்குக் காது மந்தமாக இருக்கும், சத்தமாகத்தான் பேசுவார். கூடத்தில் டிவியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். மாமா பார்க்கும் பிரசங்க சேனலாக இருந்தாலும் பரவாயில்லை.